எழுந்திருங்கப்பா என்றவர் உட்கார்ந்த கதை

கோல்கீப்பர் வேலையில் இருக்கிற ஒரே சௌகரியம், மற்ற பத்துப் பேரின் முதுகைப் பார்த்தே கோச்சின் மனசைப் படித்துவிடலாம் என்பதுதான். முதுகுகள் தூரத்தில் சின்னச் சின்னதாகத் தெரிந்தால் அவருக்குத் தைரியம் பொங்குகிறது. முதுகுகள் நம் மூக்கில் வந்து இடித்தால் அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெயிலில் காய்கிற சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பதினேழு வயது. பிள்ளையார்பாளையத்தில் நெசவு வீட்டுப் பையன்கள் சேர்ந்து ஆடுகிற டீமில் மூன்று வருஷமாகக் கோலில் நிற்கிறேன். ஞாயிறும் அமாவாசையும் தறிக்கு லீவு, அதனால் அன்றைக்கு எங்களுக்கு ஆட்டம். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது என் வாய் சும்மா இருக்காது. ஒருமுறை டவுன் பஸ் கண்டக்டர் குரலில், "செவிலிமேடு, செவிலிமேடு, ஏறு ஏறு ஏறு!" என்று கத்தினேன். வேடிக்கை பார்க்க வந்த நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அன்றிலிருந்து எனக்கு 'ரேடியோ' என்று பேர். அந்த ரேடியோவில் அதிகம் ஒலிபரப்பான குரல் எங்கள் கோச் தணிகாசலம் சாருடையது.

முதல் நாள்

சார் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கரையில் வருகிற யானையும் மயிலும் முதலில் அவருடைய கிராஃப் தாளில்தான் கட்டம் கட்டமாகப் பிறக்கும். முதல் நாள் பயிற்சிக்கும் அதே தாளோடு வந்தார். எங்கள் பதினோரு பேரையும் சிவப்புப் புள்ளிகளாக வைத்திருந்தார். எதிரி கோலுக்கு எதிரே நாலு புள்ளி. என் பக்கத்தில் இரண்டே இரண்டு. எங்கள் கேப்டன் ஏகாம்பரம் அண்ணன், கோலை விட்டுப் பத்தடி நகராத தடுப்பாட்டக்காரர், தாளைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

எங்கள் வீட்டுத் தறிகளுக்குக் கீழே குழி இருக்கும். அதில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதித்துக்கொண்டு உட்கார வேண்டும். சார் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "குழியில உட்கார்றது வீட்டோட சரி. இங்க எவனும் உட்காரக் கூடாது. குழியை விட்டு எழுந்திருங்கப்பா!" கடைசி 'பா'வை அவர் இழுத்த இழுப்பு பாலாற்று மணலைத் தாண்டி அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே அந்த இழுப்பைப் பிடித்துவிட்டேன். ஏகாம்பரம் அண்ணனுக்குத்தான் கவலை தீரவில்லை. "சார், நாங்க எல்லாரும் எழுந்து போயிட்டா இந்த ரேடியோவ யாரு பாத்துக்கறது?"

அஞ்சுக்கு நாலு

முதல் ஆட்டம் ஐயம்பேட்டை டீமோடு. சார் கோட்டு ஓரமாக எங்களோடு சேர்ந்தே ஓடினார். செருப்பு ஒரு பக்கம் போனது, கிராஃப் தாள் ஒரு பக்கம் போனது. அவர் கத்தக் கத்த எங்கள் ஆட்கள் எல்லாரும் மேலே ஏறினார்கள். ஐயம்பேட்டைக்காரர்கள் பந்தைப் பிடித்தால், எனக்கும் அவர்களுக்கும் நடுவே காற்றைத் தவிர யாரும் இல்லை. நான் நாலு கோல் வாங்கினேன். நாலாவதை வலையிலிருந்து எடுக்கும்போது எனக்கு அழுகை வந்தது. சாரோ அங்கிருந்து கை தட்டினார். "எடுத்துப் போடுபா, சீக்கிரம்! நாம இன்னும் ரெண்டு போடணும்!"

போட்டோம். அஞ்சுக்கு நாலு. எங்கள் டீம் அதற்கு முன் ஒரே ஆட்டத்தில் இரண்டு கோலுக்கு மேல் போட்டதே இல்லை. ஐயம்பேட்டை கோல்கீப்பர், அஞ்சு வாங்கிய பாவம், என்னோடு கை குலுக்கிவிட்டு எங்கள் சாரையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னாபா இந்த ஆளு, திருவிழாவுக்கு வந்த மாதிரி ஆடறாரு? எங்களுக்குக் குடுத்துடுங்களேன்!"

மாலையும் நாற்காலியும்

அந்த வருஷம் லீகில் மூன்றாவதாக வந்தோம். ஜரிகைக் கடை வைத்திருக்கிற எங்கள் செகரட்டரி, ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி மூக்கால் பேசுகிறவர், சாருக்கு மாலை போட்டார். கூடவே கடையிலிருந்து சிவப்பு மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கோட்டு ஓரத்தில் போட்டார். "கோச் உட்கார்ந்து பார்க்கணும் சார். மரியாதை இருக்குது இல்ல?"

சார் அன்று மரியாதைக்காக ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்தில் பாதி நேரம் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நாற்காலியைக் குற்றம் சொல்ல முடியாது, அது பாட்டுக்கு நாலு காலில் நின்றது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு முதுகு நாலானதற்கு, மாலை போட்டுவிட்டுச் செகரட்டரி எங்கள் சாரின் காதில் சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ரேடியோவுக்குக் காது கூர்மை. "மூணாவது இடம் வந்துட்டோம் சார். இனிமே தோத்தா பேரு பேஜாராயிடும், பாத்துக்கோங்க."

புள்ளிகள் நடந்த நடை

ஆட்டம் முடிந்ததும் சார் வீசிவிட்டுப் போகிற கிராஃப் தாள்களை நான் பொறுக்கி வைப்பது வழக்கம். பின்பக்கம் கணக்குப் போடலாம். ஒருநாள் இரண்டாவது வருஷத்துத் தாள்களை வரிசையாக அடுக்கிக் கட்டைவிரலால் விர்ரென்று புரட்டினேன். சிவப்புப் புள்ளிகள் நடந்தன! மேலே இருந்த நாலு மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகி, மற்றதெல்லாம் படியில் இறங்குகிற மாதிரி என் கோலை நோக்கி இறங்கி வந்தன. கடைசித் தாளில் எனக்கு முன்னால் ஒன்பது புள்ளி, கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கிற கூட்டம் மாதிரி.

மைதானத்திலும் அதே நெரிசல்தான். ஏகாம்பரம் அண்ணனின் தோளுக்கு மேல் எம்பித்தான் பந்தைப் பார்க்க வேண்டும். ஒரு கோல் ஒன்பது ஜோடிக் காலுக்குள் புகுந்து வந்தது. அது வலையில் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சார் நாற்காலியிலிருந்து கத்துவது இப்போது ஒன்றே ஒன்று: "உட்காருங்கப்பா, உட்காருங்க! ஒரு பாயிண்ட் போதும்!" வாரா வாரம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். மேலே மிச்சம் இருந்த ஒற்றைப் புள்ளி சதீஷ், என் வகுப்புத் தோழன். ஆட்டம் முடிந்து வந்து புல்லில் மல்லாந்தான். "டேய், அங்க என்கூடப் பேசக்கூட ஆளு இல்லடா. அவங்க கோல்கீப்பர்கிட்ட நேத்து என்ன குழம்புன்னு கேட்டுக்கினு இருந்தேன்."

நான் செய்த தப்பு

இதை நானே சரிபண்ணிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். மைதானத்து ஓரத்தில் பந்தும் வலையும் வைக்கிற சாமான் அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் தடுப்புச் சுவர்தான். சார் உள்ளே தனியாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு செகரட்டரி ஆனேன். "தணிகாசலம் சார்! இன்னிக்கு முன்னாடி மூணு பேரு போடுங்க!" சதீஷ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். சுவரில் ஓட்டை இருந்தது. சார் குழம்பி நிற்பார், ஒரு நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம் என்று கண்ணை வைத்துப் பார்த்தேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். கையைக் கட்டியிருந்தார். ஆளே தெரியாத சுவரைப் பார்த்து நின்றிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு கோல் வாங்கினபோது கை தட்டின மனுஷர் இவர்தான். இனி செகரட்டரி குரலை எடுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அந்த மனுஷரை எழுப்ப வேண்டுமானால் வேறு ஒரு குரல்தான் வேண்டும். அதுவும் என்னிடம் இருந்தது. சார் சுவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சரிங்க சார், நீங்க சொன்னா சரிங்க. தோத்தா மட்டும் என்னைச் சொல்லாதீங்க."

கடைசி ஆட்டம்

ஒவ்வொரு பாயிண்டாகச் சேர்த்து எங்கே போய் நின்றோம்? கடைசிக்கு மேலே ஒரு படி. லீகில் கடைசி இரண்டு டீம் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் தப்பலாம். டிரா ஆனால் இறங்குவோம், தோற்றாலும் அதே இறக்கம்தான். இறங்கினால் வேறு கோச் பார்த்துக்கொள்வதாகச் செகரட்டரி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அப்படியும் சார் எங்களைச் சுற்றி நிற்கவைத்து, "ஒரு பாயிண்ட் போதும்பா," என்று ஆரம்பித்தார். ஏகாம்பரம் அண்ணன் மெதுவாக, "சார், இன்னிக்கு ஒண்ணு போதாது," என்றார். சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தெரியும்பா. வாய் தானா சொல்லுது."

பத்து நிமிஷம்தான் பாக்கி. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். எனக்கு முன்னால் ஒன்பது முதுகு. சார் நாற்காலியில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, முதல் நாள் பிடித்து வைத்த அந்தப் பழைய குரலை எடுத்தேன். "குழியை விட்டு எழுந்திருங்கப்பாஆஆ!" ஒன்பது முதுகும் நிமிர்ந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏகாம்பரம் அண்ணன் வேட்டியைத் தூக்கிக் கட்டுகிற மாதிரி டிரவுசரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார். எல்லாரும் ஓடினார்கள். சதீஷ் தன்னைச் சுற்றி அத்தனை ஆளைப் பார்த்து, ஊரிலிருந்து விருந்தாளி வந்த மாதிரி சிரித்தான். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி நிமிஷத்தில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது.

சார் மட்டும் என் பக்கம் திரும்பினார். சொந்தக் குரலைச் சொந்தக்காரருக்குத் தெரியாதா? இப்போது 'உட்காருங்க' என்பார், என்னைக் கொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எனக்கு எதிரே வந்து நின்று, அதே இழுப்போடு, இந்த முறை அசல் குரலில் கத்தினார்: "எல்லாரையும் எழுப்பிவிட்டுட்டு நீ மட்டும் உள்ள உட்கார்ந்துக்கினு இருக்கியா? நீயும் ஏறுடா!"

சகோதரர்களே, ஒரு வருஷமாக அவர் பயத்தைக் கிண்டல் பண்ணினவன் நான். கோலை விட்டு வெளியே வர என் கால் மறுத்துவிட்டது. பின்னால் வெறும் கோல், திறந்து போட்ட வீடு மாதிரி. அந்த இரண்டு நொடியில் சாரின் முழு வருஷமும் எனக்குப் புரிந்துபோனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பந்து வந்தது, எம்பினேன், தலைக்கு ஒரு விரல் மேலே போனது. எதிர் டீம் ஆள் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தான். பந்து மைதானம் முழுக்க உருண்டது. நான் பின்னால் துரத்தினேன். ஷேர் ஆட்டோ கிளம்பின பிறகு ஓடுகிறவன் எப்படி ஓடுவான்? அப்படி. அது என்னைவிட இரண்டு அடி முன்னால் கோட்டைத் தாண்டியது.

ஒன்றுக்குப் பூஜ்யம். நான் வலைக்குள் குப்புற விழுந்து கிடந்தேன். சார் மூச்சு வாங்க வந்து என்னைக் கை கொடுத்துத் தூக்கினார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியும் இருந்தது. "ஒரு வருஷம் ஆச்சுபா நான் ஆட்டத்தைப் பாத்து. இத்தன நாளா கடிகாரத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

ஐயம்பேட்டையில்

செகரட்டரி சொன்ன சொல் தவறவில்லை. சாருக்கு நன்றி சொல்லி அனுப்பினார். நாற்காலி மட்டும் இருக்கிறது. புதுக் கோச் வந்துவிட்டார். முதல் நாளே முன்னால் நாலு பேர் போட்டார், அதை நான் தாளில் தேதி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். தணிகாசலம் சாரை ஐயம்பேட்டைக்காரர்கள் ஒரே வாரத்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள். போன அமாவாசை அவர்களோடு பயிற்சி ஆட்டம். சார் கோட்டு ஓரத்தில் செருப்பில்லாமல் ஓடினார். அவர் டீம் பத்துப் பேரும் என் மேல் வந்து விழுந்தார்கள். மூன்று வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் அந்த 'பா' பாலாற்றுக்குப் போய்த் திரும்பி வந்தது. இனி அதைத் தடுக்கவும் நான் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொள்வேன்.

ஆட்டம் முடிந்ததும் சார் என்னைத் தேடி வந்தார். என் கையுறையைப் பிடித்துக் குலுக்கினார். பின்னால் எங்கள் புதுக் கோச் அந்தச் சிவப்பு மெத்தையை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சார் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். குனிந்து என் காதில் சொன்னார்: "அவரை நீ பாத்துக்கோ. நான் எப்ப உட்கார்றேனோ, அன்னிக்கு வந்து கத்துடா ரேடியோ. ஐயம்பேட்டை ஒண்ணும் தூரம் இல்ல."

ஆக, கோச்சுக்குத் தைரியம் வேலை கிடைத்த அன்றைக்கும் வேலை போகிற அன்றைக்கும் தானாக வரும், நடுவில் வருகிற நாளுக்கெல்லாம் கோல்கீப்பர்தான் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.