பெடலில் இருந்த கால்

பேய், பிசாசு என்று யாராவது கதையை ஆரம்பித்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன், பொழுது விடிந்தால் நூல், பொழுது போனால் துணி, இதில் பேய்க்கு எங்கே நேரம்? நீங்களும் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு பழைய கார் வாங்கினேன். இரண்டு கை மாறி வந்த வண்டி. திருத்தணி மலைக்கு ஓட்டிப் போய், பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். முன் சீட்டில் என் மனைவி சரோஜா, பின் சீட்டில் என் அக்கா வீட்டுக்காரர், எங்களுக்குப் பாவா. வேண்டுதலுக்காக அன்று நான் செருப்பு போடவில்லை, வெறுங்கால்.

சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வளைவில் திரும்பினேன், ரோட்டின் நடுவில் ஒரு குழந்தை. அன்றுதான் மொட்டை போட்டிருப்பார்கள், தலையில் பூசிய சந்தனம் மழையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அதன் தாய் வாயைத் திறந்தபடி நிற்கிறாள், சத்தமே வரவில்லை.

இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து பிரேக்கை மிதித்தேன். அவ்வளவுதான், பெடல் என் காலைத் திருப்பி உதைத்தது. கடகடகடவென்று தறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், பாதம் முழுக்க நடுக்கம். வண்டி உடைந்துவிட்டது என்றே நினைத்தேன், நம்பினால் நம்புங்கள், பயத்தில் காலை எடுக்கப் பார்த்தேன். எடுக்க வரவில்லை. என் கால்மேல் ஏதோ கனமாக, கதகதப்பாக அமுக்கியது. ஆனால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒடித்தேன், குழந்தையைச் சுற்றிக்கொண்டு போய் வண்டி நின்றது.

சரோஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "எலுமிச்சம்பழம் எதுனா சக்கரத்துல மாட்டிகினு இருக்குதாங்க?" என்றாள்.

பெடல் உதைத்ததை நான் சொன்னதும் பாவா விழுந்து விழுந்து சிரித்தார். "அது ஏபிஎஸ் மச்சான்! சக்கரம் இறுகி நின்னுட்டா வண்டி நேரா வழுக்கிகினு போவும், திருப்பவே முடியாது. அதான் பிரேக்கை அதுவே புடிச்சுப் புடிச்சு வுடும். பெடல் உதைக்கும், கடகடங்கும். அப்ப பயந்துகினு காலை மட்டும் எடுத்துடக் கூடாது."

இவ்வளவுதானா என்று எனக்கு உயிர் வந்தது. கால்மேல் கனமாக இருந்ததை மட்டும் நான் சொல்லவில்லை. பயத்தில் மரத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஆயில் மாற்றத் திருத்தணியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டபோது, இந்த ஏபிஎஸ்ஸையும் ஒரு தடவை பாருப்பா என்றேன், பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி.

"இதுல ஏபிஎஸ்ஸே கிடையாதுங்கண்ணா," என்றான். "சாவி போட்டா மீட்டர்ல அந்த லைட்டு எரிஞ்சு அணையணும். எரியுதா பாருங்க." பானெட்டைத் தூக்கி விரலால் காட்டினான். "பிரேக் குழாய் நேரா சக்கரத்துக்குப் போவுது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்து மழை பெய்த ஒரு நாள் ஊருக்கு வெளியே காலி மைதானத்துக்கு ஓட்டிப் போய் வேகமெடுத்து ஓங்கி மிதித்தேன். பெடல் கல் மாதிரி கிடந்தது. உதைக்கவில்லை, கடகடக்கவில்லை. சக்கரங்கள் இறுகி, ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தும் கேட்காமல், வண்டி நேராக வழுக்கிக்கொண்டே போனது. மலையில் இப்படித்தான் போயிருக்க வேண்டும், அந்தச் சந்தனத் தலைக்கு நேராக.

அப்படியானால் அன்று என் காலின் மேல் கால் வைத்து, தறி வேகத்தில் அமுக்கி அமுக்கி விட்டது யார்? பாவாவிடம் கேட்டேன். முதல் முறையாக அவர் சிரிக்கவில்லை. "வண்டியை வித்துடு மச்சான்," என்றார்.

விற்க மனம் வரவில்லை. ஒரு குழந்தையைக் காப்பாற்றிய வண்டி. ஆனால் இப்போது ஷூ போடாமல் அதில் ஏறுவதில்லை.

போன மார்கழியில் ஒரு காலை, நல்ல பனி. ராத்திரி முழுக்கப் பூட்டியிருந்த காரைத் திறந்தேன். சீட்டு, ஸ்டீயரிங் எல்லாம் ஐஸ் மாதிரி இருந்தன. கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தபோது கை பிரேக் பெடலில் பட்டது. அதன் ரப்பர் கதகதப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் காலை எடுத்த மாதிரி.