தார்ப்பாய்க்குள் பெட்டிவண்டி

என் கணவர் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள், இல்லையென்றால் மனைவியின் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பார்கள். இவர் ஒரு வண்டி செய்தார். எங்கள் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற பெட்டி. உள்ளே இருவர் படுக்க மெத்தை, ஒரு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கொசுவலை போட்ட இரண்டு ஜன்னல். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தெருக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஐஸ்கிரீம் யாவாரமுங்களா?" என்று கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

ஆனால் அந்தப் பெட்டியில்தான் நாங்கள் உருப்படியாகப் பேசிக்கொண்டோம். வீட்டில் இருக்கும்வரை பால், கரண்ட் பில், பெங்களூரில் இருக்கும் மகள், இவ்வளவுதான் பேச்சு. வத்தல்மலை மேலே வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து டீ போட்டுக் குடிக்கும்போது அவர் வேறு ஆளாக இருப்பார். நானும்தான். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து அவருக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஐப்பசி மழை பிடித்தால் வண்டி வெளியே போகாது. வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் தை வரைக்கும் ஓய்வு. சித்தேரி மலைப்பக்கமிருந்து இறங்கும் பனி, தகரம், பலகை எதையும் விட்டுவைக்காது. அதனால் அவர் இரண்டு நாள் உட்கார்ந்து வண்டியைப் படுக்க வைப்பார். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடிப்பார். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவார். ஜாக்கி வைத்துத் தூக்கிச் செங்கல் அடுக்குவார். எலி நுழைகிற ஓட்டையிலெல்லாம் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அடைப்பார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "பொண்ணுக்குக் கூட இத்தனை செய்யலீங்க நீங்க" என்பேன். கடைசியில் தார்ப்பாய் போடுவார். அதைச் சுற்றிலும் கீழே ஒரு சாண் தூக்கி, மூங்கில் கழி முட்டுக்கொடுத்து விடுவார். முழுசாக இழுத்துக் கட்ட அவருக்குச் சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. சேலத்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது கால் கொஞ்சம் தேறியிருந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. அதுவும் கன்னடத்தில் வந்தது. அவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். என்னைக் கட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் தமிழ்தான். அண்ணனோடு போனில் பேசும்போது மட்டும் அந்தப் பாஷை வெளியே வரும். இப்போது தண்ணீரை "நீரு" என்றார், சோற்றை "ஊட்டா" என்றார். அதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மழை தொடங்கிவிட்டது, வண்டி வெறுமனே நிற்கிறது. நானே வேலையில் இறங்கினேன். தொட்டியை வடித்தேன், பேட்டரியைக் கழற்றினேன், கம்பி நார் அடைத்தேன். மெத்தைக்கு நடுவில் அந்துருண்டை போட்டேன். தார்ப்பாயை மட்டும் அவர் மாதிரி அரைகுறையாக விடக்கூடாது என்று, தரைவரை இழுத்து, லாரி லோடு கட்டுகிற மாதிரி கயிறு போட்டுச் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. முடித்துவிட்டு அவர் கட்டிலருகே போய், "பாருங்க, உங்களைக் காட்டிலும் நல்லாக் கட்டியிருக்கேன்" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். இடது கையைத் தூக்கி வண்டியைக் காட்டி, "காலி" என்றார்.

மறுநாளும் அதேதான். வண்டியைக் காட்டுவார், "காலி, காலி" என்பார். பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டுவிட்டு, "காளியாத்தாளைக் கூப்புடறாருங்க, ஒரு பொங்கல் வெக்கறதா வேண்டிக்கோங்க" என்றாள். எனக்குத் தெரியும், அவர் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. காலி பண்ணு என்கிறார். விற்றுவிடு, இனி அது எதற்கு, என் கதை முடிந்தது என்கிறார். என் காதில் அப்படித்தான் விழுந்தது. வாய்விட்டு, "வித்துடட்டுங்களா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை. ஊரில் யாரிடமும் வாய் அடங்காத எனக்கு அந்த ஒரு கேள்வி வரவில்லை.

மார்கழியில் பொம்மிடியிலிருந்து ஒரு பாய் போன் செய்தார். பிரியாணிக் கடை வைத்திருப்பவர். நான் மகளிடம் போனில் புலம்பியதை அவளுக்குத் தெரிந்தவர்கள் மூலம் கேள்விப்பட்டாராம், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இன்னொரு கடை போட இந்த வண்டி தோதாக இருக்குமாம். வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பாய் வருவதாகச் சொன்ன அன்று காலை கஞ்சி ஊட்டும்போது என் கணவரிடம், "வண்டியப் பாக்க ஒருத்தரு வராருங்க" என்றேன். வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாயும் நானும் சேர்ந்து கயிற்றை அவிழ்த்தோம். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போய் அரிவாளால் அறுக்க வேண்டியிருந்தது. தார்ப்பாயை இழுத்துக் கதவைத் திறந்ததும் ஒரு வாடை முகத்தில் அடித்தது. கூரைப் பலகை முழுக்கக் கறுப்புப் புள்ளி. மெத்தை ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சணம். அவர் இழைத்து இழைத்துப் பாலிஷ் போட்ட பலகை அது.

பாய் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, இப்புடி இறுக்கிக் கட்டுனா உள்ள காத்து எப்புடிங்க போவும்? வண்டிக்கு மூச்சு முட்டிப்போச்சுங்க" என்றார்.

அந்த நேரம் வீட்டு ஜன்னலில் இருந்து என் கணவர் குரல். எப்போது எழுந்து உட்கார்ந்தாரோ தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து, "காலி! காலி!" என்றார்.

காளி. கன்னடத்தில் காற்றுக்கு அதுதான் பெயர். முதல் எழுத்தைக் 'கங்கை'யில் வருகிற இரண்டாவது 'க' மாதிரி அழுத்த வேண்டும், கடைசியில் நாக்கை மடக்க வேண்டும். இரண்டுக்கும் அவர் நாக்கில் தெம்பு இல்லை. என் மாமியார் உயிரோடு இருந்தவரை வெயில் காலம் பூரா விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன சொல். எனக்குத் தெரியாத சொல்லா? நீரும் ஊட்டாவும் புரிந்த காதுக்கு இது மட்டும் தமிழாகக் கேட்டிருக்கிறது. பயந்த காது அது.

பாயிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நேரே வீட்டுக்குள் ஓடினேன். "காத்துங்களா? காத்து விடச் சொன்னீங்களா?" என்றேன். தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. "அப்ப விக்கச் சொல்லலீங்களா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்தார். இத்தனை நாளில் முதல் முறையாகத் தமிழில். "நீ... விக்கற. நான்... செத்தவன்... கணக்குல... வெச்சிட்டே."

காலையில் அப்படி நினைத்துக்கொண்டுதான் நான் ஊட்டிய கஞ்சியை விழுங்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, என்மேல்தான். ஆனால் கத்தியது அவர்மேல். "அறிவிருக்குதாங்க உங்களுக்கு? உங்கள வுட்டுப்போட்டு நான் எங்க போறது?" என்று கத்திக்கொண்டே அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். இடது கை என் தலைமேல் வந்தது. வாசலில் பாய் செருமிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் மெத்தையை வெயிலில் போட்டேன், பலகையை வினிகர் தொட்டுத் துடைத்தேன். அவர் ஷெட்டருகே நாற்காலியில் உட்கார்ந்து, நான் துடைக்காமல் விட்ட இடத்தையெல்லாம் இடது கையால் காட்டினார். எல்லாம் காய்ந்த அன்று என் ஓட்டைக் கன்னடத்தில், "எல்லிகே ஹோகோணா?" என்று கேட்டேன். எங்கே போகலாம்? மலை, அருவி என்று பெரிதாக ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கவலை வேறு.

"கேட்டு வரைக்கும்" என்றார், வாசல் பக்கம் கை காட்டி.

பொம்மிடிக்காரரைத்தான் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஜீப்பைப் பின்னால் எடுத்து வண்டியை மாட்டினார், இவரைத் தூக்கி உள்ளே உட்கார வைக்கக் கை கொடுத்தார். மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. ஷெட்டிலிருந்து கேட்டுக்குப் போய்ச்சேர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "வந்துட்டமுங்க" என்று பாய் குரல் கொடுத்தார். நாங்கள் இறங்கவில்லை.