ஒரே தட்டில் மாறிய சொல்

"அண்ணே, இன்னாண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

கேட்டுக்கொண்டே கடைக்குள் வந்தார் செல்வி. கையில் நான் கொடுத்திருந்த ப்ரூஃப். மறுநாள் மாலைக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் அவருடைய பதிவே ரத்தாகிவிடும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில், கம்ப்யூட்டரில் டைப் செய்து தரும் டி.டி.பி. கடையை நான் வைத்திருந்த காலம் அது. செல்வி முத்தாண்டிக்குப்பத்துப் பெண்; அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆய்வு, பழைய கிரேக்கக் கோயில் ஊழியர்களைப் பற்றியது. கையெழுத்துப் பிரதியில் 'கோயிலடிமை' என்று எழுதியிருந்தார். அந்தக் கோயில்களில் பெண்கள் உடலை விற்றதே ஒரு சடங்கு என்று நான் எங்கோ படித்திருந்தேன். பாவம், கூச்சப்பட்டு மழுப்புகிறார் என்று நானாக நினைத்து, ரீப்ளேஸ் ஆல் கொடுத்து அத்தனையையும் 'கோயில் விலைமகள்' ஆக்கிவிட்டேன்.

செல்வி ஒரு வரியை உரக்கப் படித்தார்: "ஆண் கோயில் விலைமகள்கள் தண்ணீர் சுமந்தனர், முற்றம் கூட்டினர்."

ஜெராக்ஸுக்கு நின்றிருந்த ஒருவர், "ஆம்பளையக்கூட உட்டு வைக்கலியா சார் நீங்க?" என்று சிரித்தார்.

செல்வி சிரிக்கவில்லை. "அவங்க கோயிலுக்குச் சொந்தமான ஆளுங்கண்ணே. நெலத்துல பாடுபட்டவங்க, தண்ணி சுமந்தவங்க எல்லாம் உண்டு. பின்னால எழுதினவங்க எல்லாரையும் விலைமகள்னு ஒரே பேர்ல தள்ளிட்டாங்கன்றதுதான் என் ஆராய்ச்சியே. நீங்களும் அதையே பண்ணிட்டு, ஜாலியா பிரிண்ட் எடுத்துக்கினு இருக்கீங்க."

"ஒரு நிமிஷம்மா, திருப்பி மாத்திடறேன்."

"ஐயோ, வேணாம்! அடுத்தவங்க சொன்னதுன்னு நானே 'கோயில் விலைமகள்'னு எழுதின எடமும் இருக்கு. அதுவும் அடிமை ஆயிடும்."

கீபோர்டில் வைத்த கையை எடுத்துவிட்டேன். ஃபைலை முன்பே சேவ் செய்து மூடியதால் அன்டூ கொடுத்துப் பழையபடி ஆக்கவும் வழியில்லை. எது அவர் எழுதியது, எது நான் மாற்றியது என்று மெஷினுக்குத் தெரியாது. கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து அவர் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

கொரிந்து என்ற கிரேக்க நகரத்துக் கோயிலைப் பற்றிய பக்கம் வந்ததும் செல்வி நிறுத்தினார். அங்கே 'விலைமகள்கள்' என்பது அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"இத மாத்திடுங்கண்ணே."

"நீயே எழுதினதாச்சேம்மா?"

"அந்தக் கோயில்ல விலைமகள்கள் ஆயிரம் பேருக்கு மேல இருந்தாங்கன்னு எழுதினவரு அந்தக் காலத்து ஆளே இல்லண்ணே. படிச்சத நம்பி நானும் எழுதிட்டேன்."

"அப்ப, அடிமைன்னு போடட்டுமா?"

"அதுவும் நமக்குத் தெரியாதே." கொஞ்சம் யோசித்தார். "'பெண்கள்'னு போடுங்க."

போட்டேன்.

நேரத்துக்குள் கொடுத்துவிட்டதாக மறுநாள் போன் செய்தார். அதற்குப் பிறகு கடை இருந்தவரை, புரியாத சொல் வந்தால் எழுதியவரைக் கேட்காமல் கை வைத்ததில்லை. அந்தக் கோயிலில் தண்ணீர் சுமந்தவர்களை இனி யாராலும் கேட்க முடியாது. பஸ் பிடித்து நம் கடைக்கு வருகிறவரைக் கேட்கலாமே.