சுவர் பூத்த வருடம்

மா பூத்தால் நாட்குறிப்பில் எழுதிவைப்பேன். அந்தத் தை மாதம் சுவர் பூத்ததையும் எழுதினேன். ஈரம் ஏறிய சுவரில் உப்பு வெள்ளையாகப் பொரிந்து வருவதற்கும் பூப்பது என்றுதான் பெயர்.

பூக்க வைத்தவன் என் அண்ணன். பாகம் பிரித்ததும் அவன் தன் குளியலறையை என் படுக்கையறைச் சுவரோடு ஒட்டிக் கட்டினான். குழாய் கசிந்தது. உப்புக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சையும் வந்தது. என் மனைவிக்கு இழுப்பு உண்டு. இருப்பது அந்த ஒரு படுக்கையறைதான். அவள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். “மருந்து போதாது, சுவர் காயணும்” என்றார் கோட்டாற்று டாக்டர்.

மதிலருகே நின்று கேட்டேன்.

“அண்ணே, அந்தப் பைப்ப மாத்தணும். சுவரு முழுக்கப் பூத்துப் போச்சு.”

“பூத்தா நல்லதுதானலே. பறிச்சு உனக்க பொண்டாட்டி தலையில வச்சு விடு.”

உள்ளே அண்ணி சிரித்தாள்.

“அவளுக்கு மூச்சு முட்டுது.”

“உனக்க மாமரம் பூத்தா எனக்க மொட்டமாடி பூரா பிசுக்கு. கால் வைக்க முடியல்ல. மாவ வெட்டு, மறுநாளே பைப்ப மாத்துதேன்.”

பிசுக்கு வெறும் சாக்கு. மா என் பங்கில் விழுந்ததை அவனால் பொறுக்க முடியவில்லை.

“காய்ச்சு முடியட்டும், வெட்டலாம்” என்றேன் மனைவியிடம்.

“அது காய்க்கது வரைக்கும் நான் உயிரோட கிடக்கணும்லா?”

ஆள் வைத்து வெட்டினேன். கொம்பு தெரியாத பூ. விழுந்து கிடந்த மரத்தைச் சாயங்காலம் வரை தேனீக்கள் விடவில்லை. அண்ணன் மாடியில் வந்து நின்றான்.

“பூத்து நிக்க மரத்தப் போய் வெட்டுவியாலே? நீயெல்லாம் மனுசனா?”

பைப்பை மாற்றவில்லை. கேட்டால், கொத்தனார் களியக்காவிளையில் வேலையாக இருக்கிறான் என்பான். அந்தக் கொத்தனாரின் வழி பார்த்துப் பார்த்து என் கண்ணும் பூத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் ஆட்கள் கோயிலுக்குப் போகும் நேரம், மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப்போய் அவன் வாசலில் போட்டு உட்கார்ந்தாள். அவள் மூச்சு இழுப்பது தெருவுக்கே கேட்டது.

“என்ன இது, வீட்டுக்குப் போ” என்றான் அண்ணன்.

“பைப்பு மாறட்டும் அத்தான். போறேன்.”

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் கொத்தனார் வந்துவிட்டான்.

இப்போது அவள் படுத்துத் தூங்குகிறாள். நிழல் போனதில் அண்ணன் வீட்டு மாடி கொதிக்கிறது. உள்ளே இருக்க முடியவில்லை என்று அண்ணி சத்தம் போடுவது சுவர் வழியே கேட்கிறது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. இந்தத் தையில் சுவர் பூக்கவில்லை என்று எழுதினேன். மாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.