மூன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரருக்குத் தெரு வைத்திருக்கும் பெயர் பூட்டு. அதனால் நான் சாவி. கடைக்குப் போனால், "சாவியக்காவுக்கு முதல்ல குடுங்கப்பா, வீட்ல பூட்டு தனியா இருக்கும்" என்று ஒரு குரலாவது கேட்கும். முதலில் முகத்தைச் சுளித்தேன். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால்தான் திரும்பியே பார்க்கிறேன்.

அவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். ஏற்றுவது கண்ணாடி மட்டும்தான். பீரோ கண்ணாடி, சலூன் கண்ணாடி, ஆள் உயர நிலைக்கண்ணாடி. காற்று எழும்புவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்பதால் விடியும் முன்பே கிளம்பி, பகல் பதினோரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து அவர் வண்டியைப் பார்த்தேன். வண்டியின் முதுகில் மேகம் ஏறியிருந்தது. ஒரு மரம் ஏறிக் கொஞ்சதூரம் வந்து இறங்கிக்கொண்டது. பிறகு எங்கள் பஸ்ஸும் அதற்குள் போயிற்று, ஜன்னலில் என் முகமும். அன்றைக்குத்தான் இந்த மனுஷனை எனக்கு நிஜமாகவே பிடித்தது.

அந்த வண்டி இப்போது இல்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசந்தார். எழுந்து போய்ப் பார்த்தால், வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பொழுது சாயும்வரை அந்தக் கறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் கையைப் பிடித்துத்தான் கூட்டிவந்தேன். அதற்கப்புறம் மூன்று வருஷம் ஊரார் வண்டியை ஓட்டி, ஒரு வழியாக இந்தப் பழைய பிக்கப்பை வாங்கினோம்.

வண்டி வந்தது, தூக்கம் வரவில்லை. விடியுமுன் எழுகிற ஆளுக்கு மத்தியானத் தூக்கம்தான் பாதி உயிர். தூங்காத கை கண்ணாடியைப் பிடித்தால் என்ன ஆகும்? மணிக்கட்டில் ஏழு தையல் ஆயிற்று. கண்ணாடிக் கடை முதலாளி என்னைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார்: "அவர் கை நடுங்குதும்மா. அடுத்த தடவை கழுத்துல விழும். தூங்கச் சொல்லு, இல்லேன்னா நான் லோடு தர மாட்டேன்."

தூங்கச் சொன்னால் தூங்கிவிடுவாரா? பூட்டு போட ஆரம்பித்தார். ஸ்டீயரிங்கையும் கிளட்ச் மிதியையும் சேர்த்துச் சங்கிலி. சீட்டுக்கு அடியில் டீசல் போகாமல் நிறுத்த ஒரு ரகசிய சுவிட்ச். அதையும் நம்பாமல் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், நான் சட்டையோடு சேர்த்து அதைத் துவைத்துப் போடுவேன். பால் பவுடர் டப்பாவில் போல்ட், நட்டு நிரப்பி, கதவைத் திறந்தால் விழுகிற மாதிரி கட்டினார். எங்கள் தெருப் பூனைக்கு அது பிடித்துப்போயிற்று. கடைசியாகக் கதவோடு ஹார்னை இணைத்தார். குப்பை அள்ள வந்தவர் களைத்துப்போய்க் கதவில் சாய்ந்தார் பாருங்கள், தெருவில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டன. ஹார்னைக் கழற்றாவிட்டால் வண்டியையே தூக்கிவிடுவோம் என்று தெரு சொல்லிற்று.

எங்கள் சந்து குறுகல். வண்டி உள்ளே வராது, சந்து முனையில்தான் நிற்க வேண்டும். கட்டிலிலிருந்து வண்டி தெரியாததுதான் அவருடைய நோய். அதற்கு ஒருநாள் மருந்து கொண்டுவந்தார். மூலை உடைந்ததால் கடையில் ஒதுக்கிப்போட்ட மூன்று கண்ணாடிகள். ஒன்றை விளக்குக் கம்பத்தில் கட்டினார். ஒன்றைச் சந்தில் இருக்கும் தையற்காரருடைய மாடிச் சுவரில் மாட்டினார். ஒன்று எங்கள் ஜன்னல் கம்பியில். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம்... இல்லை, அந்தப் பக்கம்" என்று கத்த, அவர் ஏணியில் நின்று திருப்ப, பாதி நாள் போயிற்று. திடீரென்று ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தெரு வந்து நின்றது. அதில் எங்கள் வண்டி நீலமாக நின்றது.

அதிலிருந்து எங்கள் அறை வேறு அறை ஆகிவிட்டது. மூன்று மணிக்கு வெயில் அந்த வழியாகவே உள்ளே வரும். கூரையில் ஒரு வெளிச்சத் துண்டு மிதக்கும். சைக்கிள்கள் சத்தமில்லாமல் சுவரோரம் போகும். அவர் படுத்தபடியே வண்டியைப் பார்ப்பார், இமை மெல்ல இறங்கும், திடுக்கிட்டு ஏறும். அரைமணி, முக்கால்மணி தூங்கினார். எனக்கு அதுவே பெரிய வரமாக இருந்தது.

நான் பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் காஜா எடுக்கிறேன், பட்டன் வைக்கிறேன். ஒருநாள் மின்சாரம் போய்விட்டதால் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். சந்து முனையில் வண்டியைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. கதவு ஜன்னல் பாதி இறங்கியிருந்தது, உள்ளே ஸ்டீயரிங் சங்கிலியில் ஒரு வளையம் பளபளவென்று பாதி அறுபட்டிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு காலி பெயிண்ட் வாளி கவிழ்த்துப் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்து பார்த்தேன். விளக்குக் கம்பத்துக் கண்ணாடியில், அவ்வளவு தூரத்தில், அவ்வளவு சின்னதாக, என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இங்கிருந்து அது தெரிந்தால் அங்கிருந்து இதுவும் தெரியும். ஆயுசெல்லாம் கண்ணாடி தூக்கின மனுஷனுக்கு இது தோன்றவில்லையே! கட்டிலில் கிடந்து கத்திய எனக்கு மட்டும் தோன்றியதா? எவனோ ஒருவன் இந்த வாளியில் உட்கார்ந்து, இவர் தூங்குவதைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறான்.

சொன்னால் மறுபடியும் தூங்க மாட்டார். அப்புறம் கை நடுங்கும். சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். வண்டியைவிட அவர் கழுத்துதான் கண்ணில் நின்றது.

மேற்பார்வை அம்மாவிடம் கெஞ்சினேன். காஜாவை முற்பகலில் முடித்துவிட்டு, பட்டன் வைக்கிற சட்டைகளை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு, மாற்றுச் சாவியால் வண்டியைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். கதவோடு விழுந்த போல்ட் டப்பாவை மடியில் வாங்கிக்கொண்டேன். அறுபட்ட சங்கிலிக்கு அதே மாதிரி வேறு சங்கிலி போட்டேன். அவரிடம் மூச்சுவிடவில்லை.

உள்ளே வெயில் பிழிந்தெடுத்தது. ஊசியில் நூல் கோத்து நிமிர்ந்தால் அவர் தெரிவார். இன்னொரு பட்டன் வைத்து நிமிர்ந்தால் புரண்டு படுத்திருப்பார். எனக்கே கண் சொக்கும். வண்டி மெல்லக் கிளம்பிச் சந்துக்குள் நுழைந்து கண்ணாடி கண்ணாடியாக ஏறி அவர் கட்டிலோரம் போய் நிற்பதாகத் தோன்றும். விழித்தால் கையில் ஒரு குழந்தையின் சட்டைக்காலர் இருக்கும். அவரோ அரைமணி போய் ஒருமணி, ஒருமணி போய் இரண்டுமணி என்று தூங்கினார். கண்ணாடி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் அவன் வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். முதலில் விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு வாளியைத் தேடினான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"வண்டி வாடகைக்கு வருமாக்கா?"

"ஓட்டுறவரு தூங்குறாரு."

"தெரியும்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நான் கண்ணை எடுக்காமல் நூலைப் பல்லால் கடித்தேன். "இன்னும் நாலு டஜன் இருக்கு. நான் எங்கேயும் போகப் போறதில்லை" என்றேன். அவன் கையைப் பையில் விட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து போனான். அவன் தலை மறைந்த பிறகு என்னால் ஊசியில் நூலைக் கோக்க முடியவில்லை.

இனி மறைத்துப் பயனில்லை என்று வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல சட்டை போட்டிருந்தானே, அவன் என்ன கேட்டான்?" என்றார்.

"நீங்க தூங்கலையா?"

"தூக்கத்துல கண்ணு ஒரு தடவை திறக்கும்ல. அவன் நிக்கிறது தெரிஞ்சுது. செருப்புகூடப் போடாம பாதிச் சந்து ஓடி வந்துட்டேன். நீ நூலைக் கடிச்ச பாரு, அதைப் பார்த்துட்டு அவன் கிளம்பிட்டான். சரின்னு திரும்பிட்டேன்."

"அப்போ நான் அங்கே உட்காருறது..."

"மொத நாளே தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டை மூட்டையை அவர்மேல் எறிந்தேன். "பதினாறு நாள் அந்த அடுப்புக்குள்ள வெந்திருக்கேன்! தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா? நீங்க வண்டியைப் பார்த்துத்தான் தூங்குறீங்கன்னு நான் ஒரு பைத்தியக்காரி..."

சிதறிய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். தையல் போட்ட அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"வண்டியை யாரு பார்த்தா?" என்றார்.