மயக்க மருந்து நர்சின் சம்பளம்

பெல்மர் ஊரின் வாரப் பத்திரிகை ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாவட்ட ஊழியர்களின் சம்பளத்தை அச்சடித்துவிடும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சட்டமே அப்படித்தான். பெயர் இருக்காது, பதவியும் தொகையும் மட்டும். ரோடு போடுகிறவர்கள் பலர், ஷெரீப் ஆபீசிலும் பலர், ஆகவே அவர்களுக்கு ஒரு மறைவு உண்டு. மாவட்ட ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் ஒருவன்தான். வேட் ஹ்ருஸ்கா. வருடத்துக்கு இரண்டு லட்சத்து முப்பதாயிரம் டாலர். அந்தப் பக்கத்திலேயே பெரிய தொகை அதுதான்.

வேட் தானிய லாரி ஓட்டியவரின் மகன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவன் பட்டச் சான்றிதழை அப்பா கூடத்தில், தான் சுட்ட மானின் தலைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். மான் சற்றே கீழே இறங்க வேண்டியிருந்தது.

பத்திரிகை வந்த அன்று காப்பிக் கடையில் தீவனக்கடை வெர்ன்தான் ஆரம்பித்தார். “வாங்க நர்சய்யா. இன்னிக்கு எல்லார் காப்பியும் உங்க கணக்குதானே?”

“குடலிறக்க ஆபரேஷனுக்குத் தூங்க வச்சப்ப நீ யார் பேரைச் சொல்லி அழுதேன்னு சொல்லட்டுமா வெர்ன்?”

வெர்ன் தன் காப்பிக்குத் தானே காசு வைத்தார்.

இந்தக் கிண்டலெல்லாம் வேட்டுக்குப் பழக்கம். பழக்கமில்லாதது ஷெல்பி பார்ட்டாக்கின் மௌனம். இரண்டு வருடமாகப் பழகும் பெண். அப்பா விட்டுப்போன மாட்டுப்பண்ணையைத் தனியாகக் கட்டி மேய்ப்பவள். அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கலாம் என்று மோதிரம்கூட வாங்கி வைத்திருந்தான். பத்திரிகை வந்த பிறகு போனில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. நேரில் போய்க் கேட்கவும் வழியில்லை. அவசரத்துக்குக் கூப்பிட்டால் இருபது நிமிடத்துக்குள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும் என்பது அவன் ஒப்பந்தம். அவள் பண்ணை முக்கால் மணி நேரம்; இதுவரை அவள்தான் ஊருக்கு வந்து போவாள்.

கடைசியில் போனிலேயே கேட்டான். “என் சம்பளம்தான் உறுத்துதா?”

“சம்பளம் கிடக்கு. எதுக்காக அவ்வளவு குடுக்கறாங்கன்னு பேப்பரைப் பாத்தப்பதான் உறைச்சுது. உன்னை இருபது நிமிஷத்துக்குள்ள கட்டிப் போட்டிருக்காங்க. என்னை மாடு கட்டிப் போட்டிருக்கு. எங்கே குடும்பம் நடத்துறது, நடுவழியில இருக்கற பெட்ரோல் பங்க்லயா?”

“வேலையை விட்டுடறேன்.”

“அப்ப அறுத்துப் பிள்ளை எடுக்க வேண்டியவ என்ன பண்ணுவா? பனியில ரெண்டு மணி நேரம் வண்டியில அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளா? லூசு மாதிரி பேசாத.”

போனை வைத்துவிட்டாள். மோதிரம் ஆஸ்பத்திரி லாக்கரில் சாக்ஸுக்கு அடியில் போயிற்று.

பிப்ரவரி, கன்று ஈனும் மாதம். இனி வசந்தம் வரை அவளிடமிருந்து ஒன்றும் வராது என்று அவன் தேற்றிக்கொண்டிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, அன்றைய அறுவைகள் முடிந்து வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றான். கடைத்தெரு முழுக்கக் கறுப்புக் கிடாரிகள். பனியில் லாரி உள்ளே போகாததால் ஊர் எல்லையில் இறக்கி நடத்தி வருகிறார்கள். பின்னால் குதிரையில் ஷெல்பி. வேட் கூடவே ஓடினான். தெருக்கோடியில், கொட்டில்கள் உள்ள மாட்டுக் கண்காட்சித் திடலின் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு வெர்ன்.

“என்ன ஷெல்பி இது?”

“தலையீத்துக் கிடாரிங்க. விடிய விடியப் பக்கத்துல இருந்து பாக்க வேண்டியது இதுங்களைத்தான். பெரிய மாடெல்லாம் தானா ஈன்னுக்கும், அங்க ஆள் போட்டிருக்கேன். இந்தக் கொட்டிலையும் பக்கத்து வீட்டையும் வாடகைக்குப் புடிச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்கு நாலு நிமிஷம். ஓட்டிப் பாத்தாச்சு.”

“கன்னுக் காலம் முடிஞ்சதும்?”

“கோடையில மாடுங்க புல்லுல கிடக்கும். நான் இங்கிருந்து போய் வருவேன். எனக்கு யாரும் இருபது நிமிஷம்னு கணக்கு வைக்கல.”

“வாடகையை நான்...”

“வாயை மூடு. வாடகை என்னுது. ராத்திரி ஒரு தடவை எழுந்து கிடாரிங்களைப் பாக்கறது உன்னுது. சம்பளம் கிடையாது.”

“ஆகஸ்ட்ல பேப்பர்ல இதையும் போடச் சொல்லுவோம்” என்றார் வெர்ன்.

வேட் ஆபரேஷன் அறையின் பச்சை உடுப்போடு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றான். “மோதிரம் லாக்கர்ல இருக்கு.”

ஷெல்பி கடைசிக் கிடாரியை உள்ளே தள்ளினாள். “போய் எடுத்துட்டு வா. கேட்டைச் சாத்திட்டு நிக்கறேன்.”