மோரில் கலந்த பெருங்காயம்

என் மகளுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆனது. அதில் இரண்டு வருஷம் பூச்சி மாத்திரையிலேயே போனது. தின்றது எதுவும் அவள் உடம்பில் ஒட்டவில்லை. வயிறு மட்டும் உப்பியிருக்கும். பதினொரு வயதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்தாள். ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். பாட்டில் பாட்டிலாக டானிக் காலியானது, ரத்தம் ஏறவில்லை.

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் எல்லோருமே டாக்டர்கள்தான். "பிள்ளைக்கு இம்யூனிட்டி கம்மி, அதை ஏத்து மொதல்ல" என்று எதிர்வீட்டு அக்கா ஒரு பாட்டில் கஷாயத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் ஊற்றினேன். வேறு என்ன செய்ய?

கடைசியில் மேடவாக்கம் பக்கம் ஒரு குடல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா ரத்தம் எடுத்தார், வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதித்தார். பிறகு சொன்னார்: "எதிர்ப்பு சக்தி கம்மியெல்லாம் இல்லம்மா. நல்லா வேலை செய்யுது. தப்பான ஆளைப் போட்டு அடிக்குது."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பைக் காக்கிற அணுக்களில் பெரும்பகுதி குடல் சுவரில்தான் இருக்கிறதாம். வெளியிலிருந்து வருவதெல்லாம் அந்த வழியாகத்தானே போகிறது. கெட்ட கிருமி வந்தால் அவை தாக்க வேண்டும். சோறு, பருப்பு, குடலிலேயே குடியிருக்கும் நல்ல கிருமி, இவற்றையெல்லாம் சும்மா விட வேண்டும். தாக்குவதைவிடச் சும்மா விடுவதுதான் கஷ்டமான வேலை என்றார். என் மகளுக்கு அது கோதுமையில் தவறுகிறது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை எதிரி என்று நினைத்துக் கிளம்புகிற அணுக்கள், அந்தச் சண்டையில் சொந்தக் குடலையே தாக்குகின்றன. உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் சதை தேய்ந்து மொட்டையாகிவிடுகிறது. பிறகு எதை ஊற்றினாலும் உறிஞ்ச ஆள் இல்லை.

"இது வடக்குல நிறைய பார்க்குறது. இங்க கம்மி. அதான் யாரும் தேடியிருக்க மாட்டாங்க" என்றார்.

"தேடாததுக்கு அது ஒரு காரணமா டாக்டர்?" என்று கேட்டேன். என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இதற்கு மருந்து இல்லை. ஆயுள் முழுக்கக் கோதுமை கூடாது, அவ்வளவுதான். ஜெராக்ஸ் எடுத்த ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். ரொட்டி, நான், பிரெட், பிஸ்கட் என்று நீண்டது. வெளியே வந்ததும் கணவர் சிரித்தார். "இவ்ளோதானா? நாம என்ன பஞ்சாபியா? இட்லி, சோறுன்னு போயிட்டே இருப்போம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா எல்லாவற்றையும் வீட்டைவிட்டு விரட்டினேன். கிறிஸ்துமஸுக்குக் கேக் வாங்கவில்லை. மாதா கோயில் பூசையில் நன்மை என்று நாவில் வாங்கும் அப்பமும் கோதுமைதான் என்பதால் ஃபாதரிடம் பேசி, அவளுக்குத் திராட்சை இரசம் மட்டும் கொடுக்க ஏற்பாடு செய்தேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவள் அழுதாள். அழட்டும், உடம்பு தேறினால் போதும் என்றிருந்தேன்.

ஒரு வருஷம் கழித்து ரத்தப் பரிசோதனையில், அந்தச் சண்டைக்கு அடையாளமான எதிர்ப்பொருள் அளவு இறங்கவே இல்லை. டாக்டர் முகம் மாறியது. "எதையோ சாப்பிடுறா. இப்படியே போனா வளர வேண்டிய வயசு போயிடும். அப்புறம் நான் நினைச்சாலும் உயரத்தைத் திருப்பித் தர முடியாது."

ஸ்கூட்டரில் வீடு வந்தோம். ஹாலுக்குள் வந்ததும் கேட்டேன். "யார்கிட்ட வாங்கித் தின்ன? ஸ்கூல்லயா?"

"நான் எதுவும் தின்னலம்மா."

"பொய் சொல்லாத."

"தின்னல!"

அறைந்தேன். கன்னத்தில் விரல் பதிந்தது.

அவள் அழவில்லை. "என் உடம்பே என்னை அடிக்குதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல. நீயும் சேந்துக்க" என்றாள்.

பிறகு சமையலறைக்குள் போனாள். ஷெல்ஃபில் இருந்த டப்பா, பாக்கெட் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினாள். "நான் தின்னலன்னா இதுல ஏதோ ஒண்ணு இருக்கு. அப்பா, கண்ணாடி போட்டுட்டு வாங்க." ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைச் சத்தமாகப் படித்தாள். புளி, கடுகு, ஊறுகாய், அப்பளம். நான் கதவில் சாய்ந்துகொண்டு, நாடகம் போடுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெருங்காயத்தூள் டப்பாவில் நிறுத்தினாள். மறுபடி படித்தாள். டப்பாவைக் கணவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். கோதுமை மாவு. தூள் கட்டியாகாமல் இருக்கச் சேர்ப்பார்களாம்.

பிஸ்கட் பாக்கெட்டைக் கடையிலேயே நின்று படித்தவள் நான். பெருங்காயத்தை யார் படிப்பார்? உப்பு மாதிரி அது. சாம்பாரில் போட்டேன், ரசத்தில் போட்டேன். அதுகூடப் பரவாயில்லை. அவள் வயிறு வலிக்கிறது என்று சொன்ன ஒவ்வொரு முறையும், வாயு கலையட்டும் என்று மோரில் இரண்டு சிட்டிகை கலக்கி, முழுசாகக் குடிக்கும்வரை எதிரில் நின்றிருக்கிறேன். நோயை என் கையாலேயே ஊற்றியிருக்கிறேன். அந்த ஜெராக்ஸ் பட்டியலில் நான் ரொட்டி இருந்தது, பெருங்காயம் இல்லை. ரசம் வைக்கிற ஊரில் கொடுக்கிற பட்டியல் அது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அறைந்தது பட்டியல் இல்லை, நான்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "தப்பு என்னோடதுதான்டி. சாரி."

"மோருக்கா, அறைக்கா?"

"ரெண்டுக்கும்."

"தனித்தனியா சொல்லு."

தனித்தனியாகச் சொன்னேன்.

பெருங்காயம் இல்லாமல் ரசம் வைக்கப் பழக ஒரு வாரம் ஆனது. ஆறு மாதம் கழித்து ரத்தம் கொடுத்தோம். டாக்டர் தாளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. உயரம் அளக்கும் கம்பத்தில் அவளை நிறுத்தினார்கள், கொஞ்சம் ஏறியிருந்தாள்.

"என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

மகள் முந்திக்கொண்டாள். "உங்க லிஸ்ட்டைத் திருத்தினோம் டாக்டர்" என்று அந்த ஜெராக்ஸ் தாளை மேசைமேல் வைத்தாள். கடைசி வரிக்குக் கீழே அவள் கையெழுத்தில் பெருங்காயம் என்று இருந்தது, சிவப்பு மையில்.

டாக்டர் அதைப் படித்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, இதை இருபது காப்பி எடு என்றார்.